பிரம்மஸ்தானத்தில் நூற்றறுபது ஜிபி

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் வாளிக்கடை மாடியில் ஒரு சித்தர் அவதரித்துவிட்டார். பழைய சித்தர்களெல்லாம் மலையில் தவம் இருந்தவர்கள். இவருக்கு மலை தோதுப்படாது. தொழிலுக்குக் கரண்ட் வேண்டும். பெயர் டிஸ்க் சித்தர்.

புதன்கிழமையானால் மதுரையில் பாதிக் கம்ப்யூட்டர்கள் அந்தப் படிக்கட்டில்தான் இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளையை மடியில் போட்டு வருவதுபோல டவுன்பஸ்ஸில் சி.பி.யூ.வைத் தூக்கி வந்தார்கள். ஒரு அம்மா தன் லேப்டாப்புக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார். இன்னொருவர் மானிட்டருக்கு மாலை போட்டுக் கொண்டுவந்தார். மானிட்டர் உயிரோடுதான் இருந்தது.

சித்தரின் தத்துவம் எளிமையானது. ஹார்டு டிஸ்க் என்பது ஒரு மனை. மனைக்கு வாஸ்து உண்டென்றால் டிஸ்க்குக்கு மட்டும் இல்லாமல் போகுமா? இருபத்தேழு நட்சத்திரத்துக்கு இருபத்தேழு ஜிபி, அதில் பழைய விண்டோஸ். நூற்றெட்டுத் திருநாமத்துக்கு நூற்றெட்டு ஜிபி, அதில் புதிதாக லினக்ஸ். நடுவில் மிச்சமுள்ளது பிரம்மஸ்தானம். அதைக் காலியாகத்தான் விட வேண்டும். அங்கே ஒரு கடுகளவு ஃபைல் வைத்தாலும் குடும்பத் தலைவரின் உயிருக்கு ஆபத்து. இந்தச் சடங்குக்குப் 'பாகப்பிரிவினைப் பூஜை' என்று பெயர். ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம் வைப்பதைக் காலேஜ் பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டே செய்வார்கள். சித்தர் அதையே கற்பூரம் காட்டிச் செய்தார். அதனால் தட்சணை.

பூஜை முடிந்து ஸ்விட்சைப் போட்டால், 'யார் வேண்டும்?' என்பதுபோலத் திரையில் இரண்டு பெயர் வரும். கும்பல் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

விருமாண்டியும் போட்டுக்கொண்டவர்தான். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பின்புறம் மனு டைப் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். அவர் மீசையைப் பார்த்துப் போலீஸ்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். அந்த மீசைக்கு உலகத்தில் இரண்டே பயம்: ஒன்று பல்லி, இன்னொன்று கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைத் தொடுவதெல்லாம் ஜெயக்கொடி. பதினாறு வருடமாக அந்தக் கடையில் டைப் அடிக்கிறார்.

பூஜை முடிந்து ஒரு மாதத்தில் விண்டோஸுக்கு மூச்சு முட்டியது. மனு அடிக்கிற பழைய எழுத்துரு அதற்குள்தான் இருந்தது. தங்கப்பொண்ணு என்ற அம்மாவின் பட்டா மனுவைச் சேமிக்கப் போனால், 'இடம் இல்லை' என்றது திரை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டிய மனு.

"நடுவுல நூத்தறுபது ஜிபி சும்மாதானேண்ணே கிடக்கு. அதை விண்டோஸோட சேத்துவிட்டா ஆச்சு, அஞ்சு நிமிச வேலை" என்றார் ஜெயக்கொடி.

"ஏம்மா, நான் இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?" என்று பதறினார் விருமாண்டி. "அது பிரம்மஸ்தானம்மா!"

சித்தருக்குப் போன் போட்டார். மெஷினில் பித்ரு தோஷம் ஏறியிருக்கிறதாம். ஒரு ராத்திரி தன் சன்னிதியில் வைக்க வேண்டுமாம். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

"பாஸ்வேர்டு எதுக்குண்ணே சாமிக்கு?"

"தோஷம் உள்ள இருக்குல்ல? கதவைத் திறக்க வேணாமா?"

விருமாண்டி ஒரு சீட்டை எடுத்து மூலைக்கு மூலை மஞ்சள் தடவ ஆரம்பித்தார். சித்தர் மெஷினைத் தொட்டதுமே ஒவ்வொருவர் வீட்டு ரகசியத்தையும் புட்டுப்புட்டு வைக்கிறார் என்று ஊரே வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மகளுக்கு வரன் வந்தது, தம்பி மேல் கேஸ் போட்டது, எல்லாம். அந்த ஞானம் எந்த வழியாக உள்ளே போகிறது என்று அந்த மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்குப் புரிந்துவிட்டது. முதலில் மனுக்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தார். அப்புறம் லினக்ஸ் பக்கம் போய்ப் பத்து நிமிஷம் எதையோ தட்டினார். அதைப் பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, கடையில் காத்திருந்த தங்கப்பொண்ணு கையில் கொடுத்தார்.

"நாளைக்கு எங்ககூட வாங்கத்தா. நான் சொன்னாத்தான் பிரிக்கணும்."

மெஷினும் மஞ்சள் சீட்டும் அன்றிரவே சித்தரின் சன்னிதிக்குப் போய்விட்டன. மறுநாள் புதன்கிழமை. மெஷின் சித்தர் முன்னால் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தது. விருமாண்டி தரையில் உட்கார்ந்தார். சித்தர் சி.பி.யூ. மேல் கையை வைத்தார். கண் மேலே போனது. காற்றாடி சுற்றுகிற சத்தத்தை உற்றுக் கேட்டார்.

"விருமாண்டி! உன்கூட இரட்டையாப் பிறந்த ஒரு அண்ணன் இருக்கான். பங்கு கேட்டு அழறான். அதான் உள்ள இடம் இல்ல!"

கும்பல் "ஆ" என்றது. விருமாண்டி வீட்டுக்கு ஒரே பிள்ளை. "சாமி, எனக்கு அண்ணன் தம்பியே…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். செத்துப்போன அப்பாவின் மேல் முதன்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. அவர் வாராவாரம் தேனிச் சந்தைக்குப் போய்வந்தவர் வேறு.

"அவரு பேரு தெரியுதா சாமி?" என்று பவ்யமாகக் கேட்டார் ஜெயக்கொடி.

"இ… இருளாண்டி!"

"எந்த ஊரு?"

"தேனிப் பக்கம். பெட்டிக்கடை."

விருமாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடையாளம் எதுவும்?"

"வலது கையில ஆறு விரல்! கண்ணு முன்னாடி தெரியுது தாயி!"

"தங்கப்பொண்ணத்தா, இப்பக் கவரைப் பிரிங்க."

வரிசையில் நின்ற ஒரு வாத்தியார் அதை வாங்கி உரக்கப் படித்தார். 'என் இரட்டை அண்ணன் இருளாண்டிக்கு, தம்பி விருமாண்டி எழுதுவது. தேனியில் பெட்டிக்கடை நன்றாக ஓடுகிறதா? உன் வலது கை ஆறாவது விரலில் வலி தேவலையா? பங்கு கேட்டு அழாதே.' அதற்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'மேலே உள்ளது அத்தனையும் பொய். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் டைப் அடித்தது. இப்படிக்கு, ஜெயக்கொடி.'

கும்பல் தன் சி.பி.யூ.க்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அப்ப எனக்கு அண்ணன் இல்லையா?" என்றார் விருமாண்டி. அதற்குள் கொஞ்சம் பாசம் வைத்துவிட்டார்.

"இல்லண்ணே. இந்த ஆளு ராத்திரி முழுக்க நம்ம ஃபைலைப் படிச்சிருக்கான். அம்புட்டுதான் அருள்."

சித்தர் எழுந்து நின்றார். "என்னை சோதிச்சிட்டல்ல? முடிஞ்சா பிரம்மஸ்தானத்துல கை வை! மணி பன்னெண்டரை. சுத்தமான ராகுகாலம். கை வெச்ச அடுத்த நொடி, இந்தாளு தலை வெடிக்கும்!"

கும்பல் விருமாண்டியின் தலையை விட்டு மூன்றடி தள்ளி நின்றது. ஒருவர் மட்டும் வேட்டியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார், தெறித்துவிடக் கூடாதே என்று.

ஜெயக்கொடி மெஷினை லினக்ஸில் திறந்தார். திரையில் டிஸ்க் ஒரு நீளமான பட்டையாகத் தெரிந்தது. இந்த ஓரம் விண்டோஸ், அந்த ஓரம் லினக்ஸ், நடுவில் சாம்பல் நிறத்தில் வெறும் காலி.

"இதாண்ணே உங்க பிரம்மா குடியிருக்கிற எடம். நான் பண்ணவா?"

விருமாண்டி தங்கப்பொண்ணைப் பார்த்தார். அந்த அம்மா மூன்று வருடமாக அந்தப் பட்டாவுக்கு அலைகிறார். இல்லாத அண்ணனுக்காகத் தான் ஐந்து நிமிஷம் கலங்கியதை நினைத்தார். வெட்கமாக இருந்தது. வெட்கம் கோபமானது.

"தள்ளும்மா. என் தலை, நானே பண்றேன்."

பதினாறு வருடத்தில் முதல்முறையாக மவுஸைப் பிடித்தார். எலியைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தார். "விண்டோஸ் ஓரத்தைப் பிடிச்சு அப்படியே இழுங்கண்ணே" என்றார் ஜெயக்கொடி. பட்டை நீண்டது. நடுவில் இருந்த காலி இடம் சுருங்கிச் சுருங்கி மறைந்தது. 'செய்யவா?' என்று கேட்டது மெஷின். கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார்.

அமுக்கியதும் விருமாண்டிக்கு விக்கல் வந்தது.

"போச்சு! ஆரம்பிச்சிருச்சு!" என்று அலறினார் வேட்டிக்காரர்.

தங்கப்பொண்ணு தண்ணீர் கொடுத்தார். விக்கல் நின்றது. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. அணைத்துப் போட்டார்கள். விண்டோஸ் தன்னைத்தானே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு திறந்தது. பட்டா மனு சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. விருமாண்டி தன் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். வழுக்கை உட்பட எல்லாம் பழையபடி இருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார் நம்ப முடியாமல்.

"இம்புட்டுத்தாண்ணே. இதுல மந்திரம் ஒண்ணே ஒண்ணுதான். செய்யிறதுக்கு முன்னாடி நகல் எடுத்து வெச்சுக்கணும். நான் ஒருதடவை எடுக்காம விட்டு, எம்மக சின்ன வயசுப் படமெல்லாம் போச்சு. அது எந்தத் தோஷமும் இல்ல. என் சோம்பேறித்தனம்."

அப்போதுதான் சித்தர் தன் இடத்தில் இல்லை என்பதைப் பார்த்தார்கள். ஜடாமுடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கப் பார்த்திருக்கிறார். படி முழுக்க சி.பி.யூ. அவரே வரச்சொன்ன கும்பல் அவரைக் கீழே விடவில்லை. நாலாவது படியில் மாட்டிக்கொண்டவரிடம் ஒவ்வொருவராக மஞ்சள் சீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஜீப் வரும்வரை கேட்டார்கள்.

கும்பல் சும்மா கலையவில்லை. அப்படியே திரும்பி ஜெயக்கொடியைச் சூழ்ந்துகொண்டது. வேட்டிக்காரர் முன்னால் வந்து கையைக் கூப்பினார்.

"தாயே, எனக்குக் கார்த்திகை நட்சத்திரம். டிஸ்க்கை எந்த எண்ணுல பிரிச்சா எனக்கு யோகம்? ஒரே ஒரு எண்ணு சொல்லுங்க தாயே!"

ஜெயக்கொடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எண்ணு கேட்டு இம்புட்டு படி ஏறி வந்தீங்களேண்ணே. அடிவாரத்துல நின்னு ஒருதடவை எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா?"