மாப்பிள்ளை திரும்ப ஐந்தடி அகலம்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் ஒரே மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். நான்காவது ஆள் இருபத்தெட்டு அங்குலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சிரித்துவிட்டு, "இரு, அக்காகிட்ட குடுக்கிறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது. முழுவதும் படிக்கவும்.

போன வருடம் மாற்றலாகிப் போகும்போது விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புவால் கெளுத்தியையும் இரண்டடித் தொட்டி ஒன்றையும் என் தலையில் கட்டினீர்கள். "பெருசாகிடுமே அத்தான்" என்றேன். "தொட்டி அளவுக்குத்தான்டா மீன் வளரும், கடைக்காரரே சொன்னார்" என்றீர்கள். அத்தான், நீங்கள் படித்தவர். உங்கள் பையனுக்குச் சின்னச் செருப்பாக வாங்கிப் போட்டால் கால் வளராமல் நின்றுவிடுமா? சிறிய தொட்டியில் மீன் குட்டையாக நிற்பதில்லை. கூனிப்போய், நோய் கண்டு, சீக்கிரம் செத்துப்போகிறது. அதைத்தான் அந்த மனிதர் அளவோடு வளர்ந்தது என்கிறார்.

வந்த வாரமே, தொட்டியோடு நீங்கள் கொடுத்த குட்டி மீன்கள் ஆறும் காணாமல் போயின. "குதிச்சு எங்கயாவது விழுந்திருக்கும்" என்று அம்மா சோபாவுக்கு அடியில் தேடினாள். தொட்டிக்குள் ஒருவன் மட்டும் வயிறு புடைக்க மீசையை ஆட்டிக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டிலிருந்து வந்தவன் என்பதால் அன்றைக்கே 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து உபசாரத்தைத் தொடங்கிவிட்டாள். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று நான் கணக்குப் போட்டு மூன்றடித் தொட்டி வாங்கினால், எனக்குத் தெரியாமல் அப்பா ஒரு தரம் இறால் போட்டிருக்கிறார், அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா ஒரு தரம், கணக்காவது மண்ணாவது, நான்கே மாதத்தில் நான்கடித் தொட்டி வாங்க வேண்டியதாயிற்று, அதையும் மாற்றிய அன்றே தெர்மாமீட்டரை விழுங்கிவிட்டு எங்களை ராத்திரி முழுக்கத் தவிக்கவிட்டு மறுநாள் காலையில் துப்பினான். தெர்மாமீட்டர் முன்பைவிடச் சரியாகக் காட்டுகிறது.

சிரிப்பது போதும். தொட்டியின் அகலம் பதினெட்டு அங்குலம். மாப்பிள்ளை இருபத்தெட்டு. திரும்பும்போதெல்லாம் உடம்பை மடக்கி மூக்கைக் கண்ணாடியில் தேய்க்கிறான். மூக்கு புண்ணாகிவிட்டது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. "இதே எடத்துல வச்சீங்கன்னா இந்த மாசம் தாண்டாது" என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டட வேலை பார்ப்பவன், உத்தேசமாகப் பேசமாட்டேன். அங்குலத்துக்கு இத்தனை லிட்டர் என்கிற கணக்கெல்லாம் சின்ன மீன்களுக்கு. நீளம் இரண்டு மடங்கானால் உடம்பு எட்டு மடங்காகும். வேட்டை மீனுக்குத் தொட்டியின் உயரம் பெரிதல்ல, உடம்பை மடக்காமல் திரும்ப அகலம் வேண்டும். இவன் நான்கடி வளர்வான். ஆகவே அகலம் ஐந்து, நீளம் பன்னிரண்டு, தண்ணீர் மூன்றடி. மொத்தம் ஐயாயிரம் லிட்டர், அதாவது ஐந்து டன். அப்பா உடனே, "மாடி ஹால்ல டிவி இருக்கிற பக்கம் வச்சிடலாம்" என்றார். அந்தத் தளம் தாங்குவதைப் போல ஐந்து பங்கு எடை அது. "அங்க வச்சா நேரா கீழ என் ரூம்லதான் வந்து நிக்கும்ப்பா" என்றேன்.

"அப்ப நேரா உன் ரூம்லயே வச்சிடுவோமே, எதுக்குச் சுத்தி வளைச்சு?"

அது எப்படி முடியாது என்று காட்டத்தான், சைட்டில் செய்வது போல என் அறைத் தரையில் சாக்பீஸால் பன்னிரண்டுக்கு ஐந்து கோடு போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே குப்புறப் படுத்துவிட்டார். "நான்தான் மாப்பிள்ளை. திரும்புறேன், பாரு."

"கையை ஊனக் கூடாது, மீனுக்குக் கை கிடையாது" என்று அம்மா.

"துடுப்பு இருக்கில்ல?"

"முட்டியை மடக்குறீங்க. கோட்டைத் தாண்டிட்டீங்க. கண்ணாடி ஒடஞ்சுது!"

மூன்றாவது சுற்றில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியாமல் அரை மணி நேரம் தொட்டிக்குள்ளேயே கிடந்தார். அம்மா கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியாகப் பார்த்து, "சார் விழுந்துட்டாரா?" என்று பதறினார். "இல்ல தம்பி, நீந்துறேன்" என்றார் அப்பா. அந்த மனிதர் அன்றிலிருந்து என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்.

வேறு வழி பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நகர மீன் காட்சியகத்துக்குப் போன் செய்தேன். பேரைச் சொல்லி முடிப்பதற்குள், "சிவப்புவாலா? எங்ககிட்ட ஏற்கெனவே பதினொன்னு இருக்கு சார். எல்லாம் தொட்டி அளவுக்குத்தான் வளரும்னு வாங்கினவங்க குடுத்தது" என்று வைத்துவிட்டார்கள். ஆற்றில் விடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஆற்றில் இருக்கிற மற்ற மீன்களுக்குச் செய்கிற துரோகம்.

எனவே முடிவாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து உங்கள் மீனை எடுத்துக்கொண்டு போகவும். எனக்கு மீன் ஆசையும் கிடையாது, பாசமும் கிடையாது. இதில் பேச்சுக்கு இடமில்லை.

அக்காவுக்கு என் அன்பு. மருமகனுக்கு முத்தம்; அவனுக்குக் கால் அளவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுக்கவும். அம்மாவும் அப்பாவும் உங்கள் எல்லோருக்கும் ஆசி சொல்கிறார்கள், அப்பா படுத்தபடியே.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்த உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது சும்மா ஓர் இறாலைக் கையில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினேன். அரை நிமிடம் மீசையால் என் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். அப்புறம் நான்கு. நாளைக் காலை ஏழு மணிக்குக் கொத்தனார் வருகிறார். என் அறையிலேயே கட்டுகிறோம். கட்டிலை ஹாலுக்கு ஏற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் வாருங்கள், செங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், அப்பாவுக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை. அவர் ஒரு கேள்வி கேட்பார்: "இவ்ளோ பெரிய தொட்டியில அவன் மட்டும் தனியாவா இருப்பான்?" தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள்.