போர்பரிக்மஸ் வழங்கிய அலுவலகம்

குடிநீர் அலுவலகத்திலிருந்து போகும் பதில் கடிதங்கள் பொதுமக்களுக்குப் புரிந்துவிடுகின்றன என்ற கடுமையான குறைபாடு மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. புரிவதால்தானே மறுபடி வந்து சண்டை போடுகிறார்கள்? ஆகவே, பதவி உயர்வு கோருவோர் கிரேக்கத்தில் பிறந்து ஆங்கிலத்தில் அபூர்வமாக நடமாடும் சொல் ஒன்றை வாக்கியத்தில் பிழையின்றி அமைத்துக்காட்ட வேண்டும் என ஆணை பிறந்தது.

குழாய்ப் புகார் பிரிவு எழுத்தரம்மாவுக்கு வாய்த்த சொல் 'போர்பரிக்மஸ்'. அகராதியைப் புரட்டினாள். வயிறு கடமுடவென்று உருளும் ஓசையாம்.

தையல் மெஷினில் இருந்த கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "வயித்துச் சத்தத்துக்கா இவ்வளவு பெரிய பேரு? வயித்துக்குத் தெரிஞ்சா கர்வம் வந்துடும்!"

தேர்வன்று அலுவலகத் தலைவர் முன் நின்று சொன்னாள்: "சாப்பாட்டு நேரம் தாண்டியும் கூட்டம் முடியாததால் அதிகாரிகளின் போர்பரிக்மஸ் வராந்தா வரை கேட்டது."

தலைவருக்கும் பொருள் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது அவர் வகித்த பதவிக்குப் பொருந்தாது.

"தப்பு. இவ்வளவு கம்பீரமான சொல்லைச் சாப்பாட்டோட சேர்க்கலாமா?"

"அகராதியில அப்படித்தான் சார் இருக்கு."

"அகராதியில நம்ம ஆபீஸ் சீல் இருக்கா?"

இல்லை. தோற்றாள். அடுத்து வந்த மீட்டர்காரர், "தலைவரின் போர்பரிக்மஸ் பாறையைவிட உறுதியானது" என்றார். முழு மதிப்பெண்.

"பொய் சொல்லி பாஸாக எனக்கு வராதுங்க" என்று வீட்டில் மூக்கை உறிஞ்சினாள்.

"பொய் எதுக்கும்மா? உண்மையையே கொஞ்சம் மரியாதையா சொல்லேன்" என்றார் கணவர்.

மறுதேர்வில் சொன்னாள்: "ஐயாவின் போர்பரிக்மஸ் கேட்டால் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம்."

தலைவர் கண் கலங்கிவிட்டார். அவள் கண்காணிப்பாளர் ஆனாள்.

முதல் வேலையாக, குழாயில் காற்று மட்டும் களகளவென்று வருவதாகப் புகார் கொடுத்த ஒருவருக்குப் பதில் எழுதினாள்: 'தங்கள் குழாயில் தற்போது வந்துகொண்டிருப்பது போர்பரிக்மஸ் என இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவர் அந்தக் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டினார்.

மறுநாள் அலுவலக வாசலில் ஒரே கூட்டம். சண்டைக்குத்தான் என்று நினைத்து, கண்காணிப்பாளர் புகார்ப் பதிவேட்டை எடுத்து வைத்தாள். ஆனால் தண்ணீர் கேட்டு ஒருவரும் வந்திருக்கவில்லை.

"ஏம்மா, அவங்க வீட்டுக்கு மட்டும் போர்பரிக்மஸ் விட்டிருக்கீங்களாமே! நாங்க வரி கட்டலையா?"

"எங்க தெருவுக்கு எப்போ வரும்? அதைச் சொல்லுங்க முதல்ல!"

அவள் பேனாவைத் திறந்தாள். 'பாரபட்சமின்றி அனைத்துத் தெருக்களுக்கும் விரைவில் வழங்கப்படும்.'

கூட்டம் கைதட்டிக் கலைந்தது.