கத்திரேகை நிபுணர்

கைரேகை பார்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கையை நீட்டினால் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டு யோகம் என்றும் தண்ணீரில் கண்டம் என்றும் எதையாவது சொல்லி அனுப்புவார்கள். அவர்களால் பெரிய கெடுதல் இல்லை. கொடுத்த கை பத்திரமாக நம்மிடமே திரும்பி வந்துவிடும். நான் இங்கே அறிமுகப்படுத்துவது அவர்களுக்குத் தூரத்து உறவான இன்னோர் இனத்தை. இவர்கள் பார்ப்பது கத்திரேகை. இந்த இனத்தில் பெரும்பாலும் ஆண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள், அனேகமாக யாருக்கும் சமைக்கத் தெரியாது.

கண்டுபிடிப்பது எளிது. இடது முன்கையைப் பாருங்கள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லாமல், வழவழவென்று ஒரு சொட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம். கத்தியின் கூர்மையை அங்கே மழித்துத்தான் சோதிக்கிறார்கள். முடி முளைப்பதற்குள் அடுத்த சோதனை வந்துவிடும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நாட்டு நடப்பைப் பேசுவதுபோல் பேசிக்கொண்டே, நீங்கள் கேட்கும்வரை அந்த இடத்தைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

கேட்காதீர்கள்.

கேட்டுவிட்டீர்களா? அப்படியானால் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு விதமான எஃகைத் தகடு தகடாக அடுக்கி, நெருப்பில் காய்ச்சி, அடித்து ஒட்டி, மடித்து, மறுபடியும் அடித்து, மறுபடியும் மடித்து, கடைசியில் அமிலத்தில் முக்கி எடுத்தால், ஓர் எஃகு கறுத்துப்போகும், இன்னொன்று வெளுப்பாகவே இருக்கும். அதனால் கத்தியின் உடம்பெல்லாம் அலை அலையாகத் தெரியும். அதற்கு டமாஸ்கஸ் என்று பெயர். இவ்வளவையும் நீங்கள் கேட்டு முடிக்கிறபோது காப்பி ஆறியிருக்கும். தெரிவதைக் கோடு என்று சொல்லிவிடக் கூடாது. வரி என்றாலும் முகம் வாடும். ரேகை என்று சொல்ல வேண்டும்.

இந்த இனத்தோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. என் அக்கா இவர்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அத்தான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பரிசோதகர். நாள் முழுவதும் மேலே போய்க் கீழே வருவார். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்த அதே தளத்தில் இருப்பார். நல்ல மனிதர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா எதிர்த்தெருவில் இருக்கும் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறாள். வரவேற்பறைப் பெண்ணிலிருந்து மருந்துக் கவுண்டர்க்காரர் வரை எல்லோருக்கும் அவள் கைச் சாப்பாடுதான். யாரையும் கேட்காமல், யார் சிபாரிசும் இல்லாமல், தானாகவே போய்ப் பேசிப் பிடித்த வேலை. அதைப் பற்றிச் சொல்லும்போது அவள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பாள். ஆனால் காலை முழுவதும் வெட்ட வேண்டும்.

கத்தி மழுங்கிவிட்டது, சாணை பிடித்தாலும் கூர் நிற்கவில்லை என்று ஒருநாள் அவள் அத்தானிடம் சொன்னாள்.

"புதுசா ஒரு கத்தி வாங்கணும். நல்லதா."

'நல்லதா' என்ற அந்தச் சொல்லை அவள் சேர்த்திருக்கக் கூடாது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா. வாங்குறதே வாங்குறோம், நல்லதா வாங்கிடுவோம். தினசரி உபயோகத்துக்கு ஆச்சே" என்றார். தினசரி உபயோகம் என்ற மந்திரம் அந்த வீட்டில் முதன்முதலாக ஒலித்தது அன்றைக்குத்தான்.

இந்த இனத்தார் கத்தியை வாங்குவதில்லை, தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பல மாதங்கள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தாடிக்காரர்கள் பட்டறையில் சம்மட்டி அடிப்பதைப் பார்த்தபடியே அத்தான் சாப்பிட்டார். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். ரேகையில் சாதிகள் உண்டாம். மழைத்துளி ரேகை, ஏணி ரேகை, இறகு ரேகை. மழைத்துளிக்கும் ஏணிக்கும் நடுவே அவர் பட்ட பாட்டைப் பார்த்தால், அக்காவைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட அவர் அவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று தோன்றும். இருக்கட்டும், அக்கா இதைப் படிக்கக்கூடும்.

"மழைத்துளியா, ஏணியா? நீ சொல்லு" என்று அவளையே கேட்டார்.

"எது வெங்காயம் வெட்டும்?"

"எல்லாமே வெட்டும். கேள்வி அது இல்ல."

"எனக்கு அதுதான் கேள்வி."

அத்தான் அவளை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பிக்கொண்டார்.

நடுவில் அவள் பாத்திரக் கடைக்குப் போய்ச் சாதாரணக் கத்தி ஒன்று வாங்கிவருவதாகச் சொன்னாள். "அதுக்குள்ள எதுக்குக் கண்டதை வாங்கி வீட்டை நிரப்புற? நல்லது வரப்போகுதுல்ல" என்று தடுத்துவிட்டார். ஆகவே மழுங்கின கத்தியே ஓடியது. அதன் பிடி விரிசல் விட்டபோது, லிஃப்ட் வேலைக்கு வைத்திருந்த கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து அத்தானே அக்கறையாகச் சுற்றிக் கொடுத்தார். கூரில்லாத கத்தி வேலை செய்யாது. அதன் வேலையையும் சேர்த்துக் கைதான் செய்ய வேண்டும். அக்காவின் வலது மணிக்கட்டில் வலி அப்போதுதான் ஆரம்பித்தது.

கடைசியில் மழைத்துளி வந்தது. தேக்குப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்டு. அத்தான் குளித்துவிட்டு வந்து திறந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குப் போகிற யாரும் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. முதலில் டியூப் லைட்டை அணைப்பார். மேசை விளக்கைத் தாழ்த்துவார். "இப்படிச் சாய்ச்சுப் பாருங்க" என்பார். பார்த்துவிட்டு நீங்கள் "ஆகா" என்று சொல்ல வேண்டும். அடுத்து, "எத்தனை அடுக்கு இருக்கும், சொல்லுங்க பார்க்கலாம்" என்பார். இதற்குக் குறைத்துத்தான் சொல்ல வேண்டும், கூட்டிச் சொல்லும் இன்பம் அவருடையது. ஒருமுறை ஒரு பல் டாக்டர், மரியாதைக்காக, "ஐந்நூறு இருக்குமா?" என்று கேட்டுவிட்டார். கத்தி உடனே பெட்டிக்குள் போய்விட்டது. பிறகு அவருக்குக் காப்பிகூட வரவில்லை.

கூர்மையைக் காட்டுவதற்குச் செய்தித்தாளைச் சர்ரென்று வெட்டுவார். அவர் கை முடியை விட்டால், அந்தக் கத்தி அந்த வீட்டில் வெட்டிய ஒரே பொருள் செய்தித்தாள்தான், அதுவும் அக்கா இன்னும் படிக்காதது.

காய் வெட்ட எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்காமல் இல்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். தக்காளி கூடாது, அதில் புளிப்பு இருக்கிறது. எலுமிச்சையை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. பூசணிக்காய் கடினம், முனை பெயர்ந்துவிடும். வெங்காயச் சாறு கறுக்கவைக்கும். ஈரமாக வைக்கக் கூடாது, ஈரமான எதையும் வெட்டவும் கூடாது. கழித்துப் பார்த்தால் மிஞ்சியது வாழைப்பழம். அதைக் கையால் உரித்தாலே போதும்.

"எப்பதான் அத்தான் இதை உபயோகிக்கப் போறீங்க?" என்று ஒருநாள் நானே கேட்டேன்.

"தினமும் உபயோகிச்சிட்டுத்தானே இருக்கேன்" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"எதுக்கு?"

"துடைக்கிறேன். எண்ணெய் போடுறேன். பார்க்குறேன்."

மனிதர் பொய் சொல்லவில்லை.

இதற்கிடையில் அக்காவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பட்டை கட்டிக்கொண்டு வெட்டினாள். வெட்டுவது தாமதமானால் சமையல் தாமதம், சமையல் தாமதமானால் சாப்பாடு தாமதம். ஆஸ்பத்திரி மேலாளரம்மா இரண்டு தடவை பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தடவை, "இனிமே நேரத்துக்கு வரலேன்னா வேற ஆள் பார்க்குறதைத் தவிர எனக்கு வழி இல்லம்மா" என்று, கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா பயந்திருக்க மாட்டாள்.

மறுநாள் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று நான் அங்கே போயிருந்தேன். அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அக்கா பூசணிக்காயில் கத்தியை இறக்கி, உடம்பையே சாய்த்து ஓர் அழுத்து அழுத்தினாள். பிடி அவள் கையோடு வந்தது. கத்தி பூசணிக்காயிலேயே நின்றுவிட்டது. டேப் சுற்றிய அந்தப் பிடியை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கூடையில் தக்காளி, வெங்காயம், எலுமிச்சை எல்லாம் அப்படியே இருந்தன.

"நான் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுறேன்" என்றேன்.

"நீ போய்ட்டு வர்றதுக்குள்ள அவங்க வேற ஆள் பார்த்துடுவாங்க."

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவள், தேக்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, அத்தானுக்கு..."

"தெரியும்."

"பூசணிக்காய் கூடாதுன்னு..."

"அதுவும் தெரியும்டா."

பூசணிக்காய் சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு நாலாக, எட்டாக. தக்காளி நசுங்காமல் வில்லை வில்லையாக விழுந்தது. அக்கா கையை நிறுத்தினாள்.

"டேய், இது வெட்டுதுடா" என்றாள், மெல்ல.

அவள் கண்ணில் நீர் நின்றது. இன்னும் வெங்காயத்தை ஆரம்பிக்கவில்லை. இத்தனை மாதமாகச் சுவருக்கு அந்தப்பக்கம் இப்படியொரு கத்தி வெல்வெட்டில் படுத்துக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் இவள் கை வீங்க நின்று அறுத்துக்கொண்டிருந்தாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தானை நான் அதுவரை வேடிக்கையான மனிதர் என்றே நினைத்திருந்தேன்.

சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேலாளரம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அத்தான் வந்து காலணியைக் கழற்றியபோது, கழுவின கரண்டிக்கும் பால் பாத்திரத்துக்கும் நடுவே மழைத்துளி காய்ந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக நீலமும் கறுப்பும். அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள்கூட அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யார் எடுத்தது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"எதை வெட்டின?"

"எல்லாத்தையும்."

"எலுமிச்சை?"

"அது கடைசியா."

அத்தான் கத்தியை எடுத்துப்போய் மேசை விளக்கின்கீழ் சாய்த்தார். "ரேகையே போச்சு" என்றார்.

அக்கா மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்தாள். உள்ளங்கையை விரித்து, அதே விளக்கின்கீழ், கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்த ரேகையை என்னிக்காவது பார்த்திருக்கீங்களா?"

அத்தான் பார்த்தார். பழக்க தோஷத்தில் கையைக் கொஞ்சம் சாய்த்தே பார்த்தார். ஆள்காட்டி விரலின் அடியில் காய்ப்புக் காய்த்திருந்தது. மணிக்கட்டு பன்னுபோல் உப்பியிருந்தது.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"நீங்க மழைத்துளியா ஏணியான்னு கேட்டீங்களே, அப்பலேருந்து."

"நாளைலேருந்து இதை நீயே வெச்சுக்கோ" என்றார். மனசார, கண் கலங்கித்தான் சொன்னார். நானே சாட்சி.

இத்தோடு நிறுத்தினால் இது திருந்திய மனிதரின் கதை ஆகிவிடும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஓர் இனத்தைப் பற்றி. இனம் திருந்துமா?

ஒரு வாரம் அக்கா அந்தக் கத்தியால் வெட்டினாள். பிறகு அத்தானோடு வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார், வந்தவரின் கண் கத்திமேல் பட்டது. "அட, இது என்ன, நீல நீலமா?" என்று கேட்டார். அத்தான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் யோசித்தார். அந்த யோசனையில்தான் எல்லாம் கெட்டது.

"அது உபயோகத்துல வர்ற நிறம்" என்றார். "கடைல கிடைக்காது. தினசரி உபயோகிச்சாத்தான் வரும்."

அப்படியே எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தார்.

மறுநாள் காலை கத்தி தேக்குப் பெட்டிக்குள் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு வந்த நீலம் இனிமேல் வெட்டினால் கலைந்துபோகுமாம். அக்கா சண்டை போடவில்லை. பாத்திரக் கடைக்குப் போய், சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஒன்று வாங்கிவந்தாள். ஒரே நிறம், உடம்பில் ஒரு ரேகைகூட இல்லை. வெட்டுகிறது. மணிக்கட்டு வற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் புதிதாகத் திறந்த மூக்குக் கண்ணாடிப் பிரிவுக்காரர்களும் இப்போது அவளிடம்தான் சாப்பிடுகிறார்கள். போன தடவை போயிருந்தபோது அத்தானின் கைச் சொட்டை முழங்கைப் பக்கமாகச் சற்று ஏறியிருப்பதைக் கவனித்தேன். சிவப்புக் கத்தியில் ஒரு முடி ஒட்டியிருந்ததாகவும், வெந்நீரில் மூன்று தடவை கழுவியதாகவும் அக்கா தனியாகச் சொன்னாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். உங்கள் வீட்டில் கத்திக்குப் பெட்டி கிடையாது. வேறு ஏதோ ஒன்றுக்கு இருக்கிறது. தினசரி உபயோகத்துக்கு என்று சொல்லித்தான் வாங்கினீர்கள். நல்லதாக இருக்கிறதே என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டாம். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்ளவும் வேண்டாம், நான் பார்த்துவிட்டேன். இதை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போங்கள். அங்கே நின்று வெட்டிக்கொண்டிருப்பவரிடம் கொஞ்சம் கையை நீட்டச் சொல்லி, ரேகை பாருங்கள்.