மடக்குக் கதிரையோடு எல்லை தாண்டல்

கடைசியாக ஒரு ஜெர்மன் எழுத்தைக் கண்டு இருபது நிமிடமாகிவிட்டது என்பதைத் தவராஜாதான் முதலில் கவனித்தான்.

வான் மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆவணி மாதம்தான், ஆனாலும் வெளியே மழையும் பனிப்புகாரும். புகார் விலகிய இடங்களில் தெரிந்த ஊர்ப்பெயர்கள் எல்லாம் 'ஓ'விலும் 'ஆ'விலும் முடிந்தன.

"பாலேந்திரன் அண்ணை, காம்பிங் ஏரிக்கரையிலை எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஏரி எங்கை?"

"புகாருக்குள்ளை கிடக்கும். இந்த எங்கடின் மலைப்பக்கத்திலை ஒரு குளிர்காலம் முழுக்க ஹோட்டலிலை கோப்பை கழுவினவன் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்த றோட்டிலை ஓடுவன்."

"அப்பிடித்தானே இப்ப ஓடுறீங்கள்" என்றாள் பாலேந்திரனின் மனைவி சிவரூபினி.

அடுத்த வளைவில் ஓர் உணவகம் தெரிந்தது. அதன் பலகையைத் தவராஜா எழுத்துக்கூட்டி வாசித்தான். "ரிஸ்... தொ... ரான்... தே."

சுவிஸில், வின்டர்தூர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவனோடு வேலை செய்தவர்களில் பாதிப்பேர் இத்தாலிக்காரர். அது எந்த மொழி என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணை, வானை நிப்பாட்டுங்கோ. இது இத்தாலி!"

பாலேந்திரன் தம்பதிக்கு வதிவிட விசா இருந்தது. தவராஜாவிடமும் அவன் மனைவி கஜலக்சுமியிடமும் இருந்தவை அகதி விண்ணப்பக்காரருக்கான அட்டைகள். நாட்டை விட்டு ஓர் அடி வெளியே வைத்தாலும் வழக்கு அத்தோடு முடிந்தது என்று விசாரணை அதிகாரி மேசையில் தட்டிச் சொல்லியிருந்தார். முடிவு வரும் மாதம் வர இருந்தது.

அவன் வின்டர்தூரிலும் அவள் கொழும்பு லொட்ஜ் அறையிலுமாக ஐந்து வருடம் போயிருந்தது. அவள் வந்து சேர்ந்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் உல்லாசப் பயணம்.

கஜலக்சுமி அவன் கையைப் பிடித்தாள். "இஞ்சேருங்கோ, திருப்பி அனுப்புவாங்களோ?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் நடவாது." குரல் அவனுக்கே நம்பிக்கை தரவில்லை.

"அனுப்பினாலும் ரெண்டு பேரையும் ஒண்டாத்தானே அனுப்புவாங்கள்?"

சட்டைப்பையில் இருந்த அட்டையை அவன் தொட்டுப் பார்த்தான்.

"முதலிலை நிச்சயப்படுத்துவம்" என்றார் பாலேந்திரன். "சிவா, அந்தக் கடையிலை ஒரு தண்ணிப்போத்தல் வாங்கிக்கொண்டு வா."

சிவரூபினி போன வேகத்தில் திரும்பி வந்தாள். "மருந்துக்கும் ஒரு சொல்லு ஜெர்மன் இல்லை. எல்லாம் கிராற்சியே, பிறேகோ."

"சுவிஸ் காசு வாங்கினவளோ?"

"வாங்கினவள்."

"எல்லைக்குக் கிட்ட எந்தக் காசும் வாங்குவாங்கள்" என்று அந்த ஒரே நல்ல செய்தியையும் பாலேந்திரன் தள்ளிவிட்டார்.

"வந்த வழியே திரும்புங்கோவன் அண்ணை" என்றாள் கஜலக்சுமி.

"தங்கச்சி, புகாருக்குள்ளை எல்லையை எங்கை கடந்தனாங்கள் எண்டே தெரியாது. போகேக்கை பேசாமல் விடுவாங்கள், வரேக்கைதான் பிடிப்பாங்கள். கொஞ்சம் முன்னுக்குப் போய்ப் பாப்பம்."

கொஞ்சம் முன்னுக்குப் போனதும் புகார் கலைந்தது. முந்நூறு மீற்றர் தூரத்தில் தெருவின் குறுக்கே ஒரு சுங்கச்சாவடி. அதன் மேல் நனைந்து தொங்கியது சிவப்புக் கொடி, நடுவில் வெள்ளைச் சிலுவை. சீருடைக்காரர் இரண்டு பேர் ஒரு காரை மறித்து, பின்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலேந்திரன் பிரேக்கை மிதித்தார். முகம் மலர்ந்தது. "பாத்தியோ! சுவிஸ் முன்னுக்கு வந்திட்டுது!"

"அதெப்பிடி முன்னுக்கு வரும்?"

"மலை றோட்டு அப்பிடித்தானடாப்பா. சுத்திச் சுத்தி வந்து திரும்பச் சுவிஸுக்குள்ளையே விடும்."

வானைப் பின்னுக்கு எடுத்து ஒரு வைக்கோல் கொட்டிலுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் திட்டம் சொன்னார். விசா உள்ள இருவரும் வானில் சாவடியால் போவார்கள். மற்ற இருவரும் வலப்பக்கத்துக் கஷ்கொட்டைக் காட்டுக்குள்ளால் நடந்து சாவடியைச் சுற்றி அந்தப் பக்கம் இறங்குவார்கள். சாவடி தாண்டி வரும் முதல் வளைவில் சந்திப்பு.

"எண்பத்தாறிலை நான் சுவிஸுக்குள்ளை வந்ததே இப்பிடி ஒரு காட்டாலைதான். ஒரு மணித்தியாலம். பயப்பிடாதை."

"அப்ப எங்களோடை நீங்களும் வாங்கோவன்."

"எனக்கு இப்ப முழங்கால் சரியில்லை."

சிவரூபினி வானுக்குள் ஒரு சுற்றுப் பார்த்தாள். "பொறுங்கோ. ரெண்டு பேர் போற வானுக்குள்ளை ரெண்டு டென்ட், நாலு படுக்கைப் பை, நாலு கதிரை. மிச்ச ரெண்டு பேர் எங்கை எண்டு கேட்டால்?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

"டென்ட்டும் பையும் சரி. கதிரையுமோ அக்கா?" என்று தவராஜா கெஞ்சினான். "ஆராவது விருந்தாளி வந்தால் எண்டு சொல்லலாமே."

"மலையிலையோ விருந்தாளி? சரி, ஒண்டையாவது கொண்டு போ."

கறிச்சட்டியைக் கஜலக்சுமி தானாகவே எடுத்தாள். விடியக்காலமை எழும்பிச் சமைத்த ஆட்டிறைச்சிக்கறி. நாலு பேருக்கு அளவானது, அதுவும் சாட்சிதான்.

காட்டில் பாதை செங்குத்தாக இருந்தது. தவராஜாவின் முதுகில் கூடாரம், இரு தோளிலும் படுக்கைப் பைகள், கழுத்தில் மாலைபோல மடக்குக் கதிரை. பின்னால் இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்தபடி அவள்.

"களவா எல்லை கடத்தின ஏஜென்சிக்காரன்கூட என்னை இவ்வளவு சாமானோடை கூட்டிக்கொண்டு வரேல்லை" என்றாள் மூச்சிரைக்க.

"சத்தம் போடாதையும்."

கீழே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமியது. இருவரும் ஈரச் சருகில் குப்புற விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் கதிரை கழுத்தைவிட்டுத் துள்ளி, 'டக்' என்ற பெரிய சத்தத்தோடு பாதை நடுவில் விரிந்து நின்றது. யாரோ வந்து உட்காரக் காத்திருப்பதுபோல.

"இப்ப இருக்கிற நேரமோ?"

"நான் விரிக்கேல்லையப்பா, அது தானா விரிஞ்சது!"

மோட்டார் சைக்கிள் நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் மறுபடி உறுமித் தூரப் போனது.

எழும்பித் திரும்பிப் பார்த்தபோதுதான் அவன் கண்டான். தாங்கள் ஏறி வந்த வழி நெடுக, சிவப்பாக, எண்ணெய் மினுங்க, குழம்புக் கோடு.

"ஐயோ கஜா, சட்டி ஒழுகுது! பொலிஸ் நாயை விட்டால் நேரா எங்களிட்டை வரும்."

"வரட்டும். உறைப்புக்கு ஒரு வாய்க்கு மேலை தின்னாது."

உச்சியில் பாசி பிடித்த ஓர் எல்லைக்கல் நட்டிருந்தது. அவர்களைப் பார்த்த முகத்தில் 'எஸ்' என்ற எழுத்து செதுக்கியிருந்தது. தவராஜாவுக்குக் கண் கலங்கியது. "பாரும்! சுவிஸ் வருகுது எண்டு போட்டிருக்கிறாங்கள்!" கல்லின் மறுபக்கத்தைப் பார்க்க நேரமில்லை. இருவரும் வலது காலை முன்வைத்துத் தாண்டினார்கள்.

இறங்குவது சுலபமாக இருந்தது. காடு முடிந்த இடத்தில் புல்வெளி, அதன் கீழே தெரு, முதல் வளைவு. வானை மட்டும் காணவில்லை.

கால் மணி போனது. அரை மணி போனது. நாலு கார்கள் போயின. அவர்களின் வான் வரவில்லை.

"பிடிச்சிட்டாங்கள்" என்றாள் கஜலக்சுமி. "எங்களாலை அவையின்ரை விசாவும் போகப்போகுது."

தவராஜா கூடாரத்தை இறக்கி வைத்தான். முகத்தைத் துடைத்தான். "நான் சாவடிக்குப் போய் உண்மையைச் சொல்லுறன். நீர் இஞ்சையே நில்லும். நீர் சுவிஸ் மண்ணிலை நிக்கிறீர், உம்மை ஒண்டும் செய்யேலாது. என்னை அனுப்பினாலும் நீராவது..."

"நான் கொழும்பிலை அஞ்சு வருசம் தனியக் கிடந்தது இஞ்சை வந்தும் தனிய நிக்கவோ?" அவள் சட்டியை இடுப்பில் ஏற்றினாள். "நடவுங்கோ. ஒண்டாப் போவம்."

அப்போது புல்வெளியில் வைக்கோல் வாரியோடு ஒரு வயதான பெண் நிமிர்ந்து பார்த்தாள். தவராஜா பழக்கதோஷத்தில், வின்டர்தூரில் வணக்கம் சொல்வதுபோல, "க்ரூயெட்ஸி!" என்றான்.

"க்ரூயெட்ஸி!" என்றாள் அவளும், அச்சொட்டான வின்டர்தூர் உச்சரிப்பில்.

அந்த ஒரு சொல் போதும் தவராஜாவுக்கு. கதிரையை விரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். கஜலக்சுமி சிரித்தாள், அழுதாள், சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு. புகாரில் வழி தவறியதையும், இத்தாலிக்குள் மாட்டிக்கொண்டதையும், காட்டால் நடந்து சுவிஸுக்குத் தப்பி வந்ததையும் ஜெர்மன் மொழியில் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தான்.

"வின்டர்தூரிலிருந்தா வந்தீர்கள்?" கிழவியின் முகம் விரிந்தது. "அங்கே நூற்பாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். பென்ஷன் எடுத்துக்கொண்டுதான் சொந்த ஊருக்குத் திரும்பினேன்."

பிறகு அவர்கள் இறங்கி வந்த காட்டை ஒரு தரம் பார்த்தாள். கூடாரத்தையும் சட்டியையும் கதிரையில் இருந்தவனையும் பார்த்தாள். அவன் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

"காட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கள் இத்தாலி மொழி பேசுகிற சுவிஸ்காரர்கள், மகனே, இத்தாலிக்கு நீங்கள் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள்."