என் நிறையும் பாலத்தடிச் சார்ஜன்டும்

கட்டுகாஸ்தோட்டை
18.05.1998

அன்பின் மச்சான் யோகேந்திரன் அறிவது,

இங்கே உன் அக்கா பத்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை கூசுகிறது. கொழும்பில் நீ சுகமாக இரு. அக்கா போனில் அழுததைக் கேட்டு லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடாதே. என்னைப் பிடித்ததும் உண்மை, விட்டதும் உண்மை.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லோருக்கும் உடற்பரிசோதனை. நேர்ஸ் கைரியா என்னைத் தராசில் நிறுத்து, உயரமும் அளந்து, "ஐயா, கிலோவ மீற்றர் உயரத்தால ரெண்டு தரம் வகுக்கணும். பதினெட்டரைக்குக் கீழ மெலிவு, இருபத்தஞ்சு வரைக்கும் சரி, அதுக்கு மேல கூடின நிறை, முப்பதைத் தாண்டினா உடற்பருமன். நீங்க தாண்டிட்டீங்க. தெனமும் நடங்க" என்று சொல்லி, ஒரு கடதாசித் துண்டில் "82 – 1.63 – 30.9" என்று எழுதித் தந்தார். இந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தான் ஒருவன் விடியற்காலையில் விறுவிறென்று நடந்தால் எங்கே போய் நிற்பான் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. நான் நடக்கவேயில்லை, பஸ்ஸில்தான் வந்தேன். அப்படியும் பாலத்தடியில் இறக்கிச் சோதித்த பொலிஸ்காரர் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தார், சட்டைப்பையில் துண்டைக் கண்டார், நேரே சார்ஜன்ட் பண்டாரவிடம் கொண்டுபோய் விட்டார்.

"இது என்ன ரகசியக் கோட்? எந்த இடம்?"

"சேர், அது இடமில்லை, நான்தான்."

இரண்டு மணித்தியாலம் சுவரோர மர வாங்கில் இருந்தேன். பக்கத்தில் இருந்த வாத்தியார் ஒருவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அடுத்தது நான்தான். கடைசியில் பென்சில் கேட்டு வாங்கிக் கணக்கை விளக்கினேன்.

"அப்ப எனக்குப் போட்டுக் காட்டு. தொண்ணூத்தஞ்சு கிலோ. உயரம் ஒண்டு தசம் ஏழு."

"முப்பத்திரண்டு தசம் ஒன்பது, சேர். உடற்பருமன். பிரஷர், சீனி வருத்தம், மாரடைப்பு எல்லாம் வரலாமாம்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்க தாத்தா, உங்க தமிழில அப்பா, நாப்பத்தெட்டு வயசில ஹார்ட்ல போனது. எனக்கு இப்ப நாப்பத்தாறு. நீ நடக்கிறதா?"

"இல்லை, சேர். பயம்."

"யாரைக் கண்டு பயம்?"

நான் அவருடைய இடுப்பில் தொங்கிய துவக்கைப் பார்த்தேன். போகச் சொன்னார்.

மறுநாள் விடிய கேற்றில் தட்டும் சத்தம். பத்மா அழுதபடி உள்ளே போட்டால் கட்டிக்கொள்ள இரண்டு சாரத்தைப் பையில் வைத்துத் தந்தாள். வாசலில் சார்ஜன்ட், கட்டைக் காற்சட்டையும் கன்வஸ் சப்பாத்தும். "வாங்க, நடப்போம்" என்றார். அன்றிலிருந்து ஆற்றங்கரை வீதியில் இருவரும் நடக்கிறோம். என்னைப் பிடித்த பொலிஸ்காரர் இப்போது சல்யூட் அடிக்கிறார். அது எனக்கில்லை என்று தெரிந்தும் தலையசைக்கிறேன்.

உன் வீட்டாரெல்லோரும் நோய்நொடியின்றி, பிடிபடாமல் இருக்க முருகன் காக்கட்டும்.

அத்தான்
சோதிலிங்கம்

பி.கு.: இப்போதுதான் கைரியா சொல்லியனுப்பினார். உயரம் அளக்கும் பலகை இரண்டு அங்குலம் பிழையாம். என் உயரம் 1.68, கணக்குப் பார்த்தால் 29. நான் பருமனே இல்லை, நிறை கூடியவன் மட்டும்தானாம். பண்டாரவின் உயரம் பொலிஸ் பதிவில் உள்ளது; அதில் பிழையில்லை. அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு இனி நடை தேவையில்லை என்று விட்டுவிடுவார், தானும் தனியாக நடக்க மாட்டார். எனக்குத் தனியாக நடக்க முடியாது.