விமானத்துக்கு ஈயக்கால்

ஆரணி,
16.10.1984

கிறிஸ்துவுக்குள் அன்பும் அறிவும் (அறிவு கொஞ்சம் கூடுதலாகவே) நிறைந்த மைத்துனர் திரு. சத்தியராஜ் அவர்களுக்கு, மாமா பவுல்துரை எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நானும் உங்கள் அக்கா ஜெபராணியும் சுகம். சென்னையில் தாங்களும், எனக்குத் தங்கை முறையான தங்கள் மனைவி இன்னாசியம்மாளும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். விமானம் சுகமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்குத் தாங்கள் "நான் எப்ப மாமா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்கக்கூடியவர். மின்வாரியத்தில் மீட்டர் படித்து ஓய்வுபெற்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு, பொழுதுபோகட்டும் என்று பிளாஸ்டிக் விமானப் பெட்டி ஒன்றை அனுப்பி வைத்தவர் தாங்கள். துண்டு துண்டாக வந்ததை ஒட்டி, உரசி, வர்ணம் பூசி, ஒரு முழ அகலத்துக்கு றெக்கை விரித்த ஸ்பிட்பயர் சண்டை விமானமாக நிறுத்தினேன். நிறுத்திய இடம் கூடத்து மேசை. அது உங்கள் அக்கா ரவிக்கை தைக்கும் மேசை. தீபாவளி நெருங்க நெருங்க துணி மலை போல் குவிய, அவள் தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஒரு பக்கம், நான் பசைக்குப்பியை வைத்துக்கொண்டு மறுபக்கம், நடுவே எல்லைத் தகராறு. கடைசியில் அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள்: "ஏங்க, அறுப்பின் பண்டிகை காணிக்கை ஏலத்துக்கு இத்த நம்ம சபைக் கோயிலுக்குக் குடுங்க. இந்த ஊர்ல ஒருத்தராவது இது வேணும்னு கேட்டு வாங்கினா, மேசைல பாதி உங்களுக்கு, நான் வாயே தொறக்க மாட்டேன். யாரும் சீந்தலைன்னா பெட்டி, பசை, பிரஷ் எல்லாம் பரண்மேல. சரியா?" சரி என்றேன். என் மிச்ச ஆயுசின் பொழுதுபோக்கை ஏலத்தில் வைத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஆரணிக்காரர்களைப் பற்றித் தங்களுக்குத் தெரியும், தாங்களும் இங்கே பிறந்தவர்தானே. எதைக் கொடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டி, எடை பார்த்த பிறகுதான் கண்ணால் பார்ப்பார்கள். பட்டுப்புடவையானாலும் சரி, பூசணிக்காயானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி. முள்ளிப்பட்டு சுப்பராயலு, அவர்தான் ஊரெல்லாம் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்து நெய்து வாங்குகிறவர், மனைவியின் ரவிக்கையை வாங்கிப்போக வந்தவர், என் விமானத்தை ஏந்தினார். "இன்னா சார் இது, அப்பளம் கணக்கா கீது?" என்று சிரித்துக்கொண்டே கீழே வைத்தார். வைத்த வேகத்தில் சக்கரம் தாங்கும் பிளாஸ்டிக் கால் ஒன்று படக்கென்று போயிற்று. நான் அழாத குறையாகத் தங்களுக்கு எழுதினேன்.

தாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? "கொஞ்சம் பசை வையுங்க மாமா" என்று ஒரு கார்டு போட்டிருந்தால் போதும். அப்படிச் செய்வீர்களா! மூர் மார்க்கெட்டில் ஏதோ பழைய இங்கிலீஷ் பத்திரிகையைப் புரட்டிவிட்டு நாலு பக்கம் பிரசங்கம். பிளாஸ்டிக் கால் குழந்தைகளுக்காம். விவரம் தெரிந்தவர்கள் தனியாக விற்கிற உலோகக் கால்தான் வாங்கிப் பொருத்துவார்களாம். உடையாதாம், வளையாதாம், பார்க்கிறவர் மதிப்பாராம். அதோடு நிற்காமல் பர்மா பஜாரில் தேடி ஒரு ஜோடியை வாங்கிப் பஞ்சில் சுற்றிப் பார்சலும் போட்டீர்கள். பிரித்துக் கையில் ஏந்தினேன். நானும் ஆரணிக்காரன்தானே, அந்தக் கனத்தில் மயங்கிப் போனேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இனிமேல் தாங்கள் கிடையாது, நீதான். கேள், சத்தியராஜ். உன் உலோகம் உலோகமே இல்லை, ஈயம் கலந்த ஏதோ சமாச்சாரம், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. றெக்கையில் இருந்த துளைக்குள் அது நுழையவில்லை, துளையைக் கத்தியால் பெரிதாக்கினேன், பெரிதாகிவிட்டது, இப்போது கால் லொடலொட. பிளாஸ்டிக்கை ஒட்டுகிற பசை ஈயத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது, உன் பத்திரிகைக்காரன் அதை எழுதவில்லையா? இரண்டு குழாயைக் கலந்து பூசுகிற பசையை வாங்கி வந்து கலந்தால், கால் ஒட்டுவதற்கு முன் உன் அக்காவிடம் யாரோ அளவுக்குக் கொடுத்த ரவிக்கை ஒன்று மேசையோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு நான் வாங்கியது இந்தக் கடிதத்தில் அடங்காது. பிளாஸ்டிக்கில் அழகாக உட்கார்ந்த வர்ணம் ஈயத்தில் தோல் தோலாக உரிகிறது. சரி, எல்லாம் போகட்டும், ஒருவழியாக நின்றது, ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் வைத்தபோது ராஜா மாதிரி நின்றது. ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் இரண்டு காலும் தன் பாரம் தாங்காமல் மெள்ள மெள்ள அகன்று விமானம் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்திருக்கிறது. பிரசங்கம் முடித்து வந்த சபை ஐயர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா மீட்டர் சார், ஜெபத்துல கீதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலை நிமிர்த்தி வைத்தேன். நிமிர்த்தினால் நிமிர்கிறது, அது ஒன்றுதான் உன் காலிடம் நான் கண்ட நற்குணம்.

ஏலம் விட்டது லாரி ஆபீஸ் முருகேசன். பூசணி போயிற்று, சேவல் போயிற்று, ஒரு தார் வாழைப்பழத்துக்கு அடிதடியே நடந்தது. அடுத்து என் விமானம். "ஏரோப்ளேன்! ஏரோப்ளேன்! ஜல்தி கேளுங்கப்பா, பறந்துடப் போவுது!" சபை சிரித்தது. விமானம் கைக்குக் கை போயிற்று, ஒவ்வொருவரும் ஏந்திப் பார்த்தார்கள், "பரவால்லியே, வெயிட்டு கீது" என்று தலையாட்டினார்கள், அந்த ஒரு நிமிஷம் நான் உன்னை மனதார வாழ்த்தினேன், சத்தியராஜ். அப்புறம் யாரோ மேசைமேல் டக்கென்று வைத்தார்கள். பிளாஸ்டிக் கால் என்றால் கால் மட்டும் உடைந்திருக்கும். இது உடையாத கால் அல்லவா! வாங்கிய அடியை அப்படியே மேலே அனுப்பி, றெக்கையைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. முன்பு ஒரு கால் போயிற்று, இப்போது இரண்டு றெக்கையும் பொத்தல். முருகேசன் தொண்டை கிழியக் கத்துகிறான், ஒருவர் வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா, பெண்கள் வரிசையிலிருந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பூசணிக்காய்க்காக வந்திருந்த சுப்பராயலு கையைத் தூக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் காசைக் கட்டினார், விமானத்தைத் திருப்பினார், ஈயக்கால் இரண்டையும் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், காலில்லாத விமானத்தை என்னிடமே நீட்டினார். "நம்ம வூட்டுப் பட்டுத் தராசுல ஒரு தட்டு லேசா நின்னுகினு ரொம்ப நாளா பேஜார் பண்ணிகினு கீது சார். இத்த கட்டித் தொங்கவுட்டா கரெக்டா நிக்கும். ப்ளேன நீங்களே வெச்சுக்குங்க."

வரும் வழியில் நான் வாதாடிப் பார்த்தேன், ஏலம் போயிற்றா இல்லையா என்று. "கால கேட்டாரு, வாங்கிகினு போனாரு. ப்ளேன யாருங்க கேட்டாங்க?" என்றாள் உன் அக்கா. அதற்கு மேல் அப்பீல் இல்லை.

ஆகவே உலோகக் கால் பிரயோசனமா என்று உன்னை யாராவது கேட்டால், பட்டு நிறுக்கிறவனுக்கு மிகவும் பிரயோசனம் என்று சொல். விமானத்துக்கு, பெட்டியோடு வருகிற பிளாஸ்டிக் காலே யதேஷ்டம். உடைந்தால் பத்து நிமிஷத்தில் ஒட்டலாம், விமானம் தப்பும். எனக்கோ இரண்டும் இனி வேண்டாம். பரணில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. பெட்டி, பசை, பத்திரிகை, ஆலோசனை என்று எதையும் இந்த விலாசத்துக்கு அனுப்பாதே. மனசு விட்டுப்போயிற்று, வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கர்த்தர் உன்னையும் இன்னாசியம்மாளையும் ஆசீர்வதித்து, உனக்கு இங்கிலீஷ் படிக்கிற ஆர்வத்தைக் கொஞ்சம் குறைத்தருள்வாராக.

அன்புள்ள மாமா,
பவுல்துரை

பின்குறிப்பு: இதை நேற்றே தபாலில் சேர்த்திருக்க வேண்டியது, ஸ்டாம்பு வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் விமானம் பரணிலும் இல்லை, மேசையிலும் இல்லை. உன் அக்கா ஸ்டூல் மேல் ஏறி, பட்டு நூலால் கட்டி, தையல் மெஷினுக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். றெக்கைப் பொத்தலுக்குக் கீழே ஒட்டுத்துணி வைத்து, அதற்கு வர்ணமும் அடித்திருக்கிறாள். "கால் இல்லையே?" என்றேன். "பறக்கறதுக்கு இன்னாத்துக்குங்க காலு?" என்றாள். இரண்டு மாதம் நீயும் நானும் கடிதம் எழுதி மாய்ந்தது இதற்குத்தான். காலையில் ரவிக்கைத் துணி கொடுக்க வந்த பொன்னியம்மாள் அண்ணாந்து பார்த்து, இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். அதற்கு உன் அக்கா, என்னைப் பார்க்காமலே, "கடையா? எங்க வூட்டுக்காரர் கையால செஞ்சதும்மா" என்றாள். உத்தரத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அடுத்த பெட்டியை உடனே அனுப்பு. நீல நிறமாகப் பார்த்து அனுப்பச் சொல்கிறாள்.