தாய்மாமன் சீரும் தகப்பன் பாட்டும்

"மேடையில நான்தான் நிப்பேன். நான் மட்டும்தான் நிப்பேன்!"

குமரகுருபரன் இப்படிச் சபதம் போட்டபோது அடுப்பில் இருந்த குக்கர் விசில் அடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் குரலைக் கேட்டு அடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் அவர் கோபத்துக்கு அடங்காதவை இரண்டே. ஒன்று, வராத குழாய்த் தண்ணீர். இன்னொன்று, அவர் மனைவி வேணி.

வேணி உள்ளி உரிப்பதை நிறுத்தவில்லை. "எந்த மேடையில?"

"ஏம் மக கலியாண மேடையில!"

"நில்லுங்களேன். பொண்ணுக்கு அப்பா நிக்காம வேற யாரு நிப்பா?"

"யாரு நிப்பாவா? ஒந்தம்பி நிப்பான்! வரவேற்புக்கு டி.ஜே. நான் ஏற்பாடு பண்ணுதேன், அதுதான் ஏம் மாமன் சீருன்னு சொல்லிட்டுப் போறானே, காதுல விழலையா ஒனக்கு?"

விழுந்தது. வேணியின் தம்பி நடராஜ் அம்பாசமுத்திரத்தில் நெல் வியாபாரி. காலையில் ஒரு வாழைத்தாரைத் தோளில் தூக்கி வந்து, காப்பி குடித்து, போகிற போக்கில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் போனதிலிருந்து குமரகுருபரன் கொதித்துக்கொண்டிருக்கிறார்.

கொதிக்காமல் என்ன செய்வார்? மகள் மதுமதிக்குக் காது குத்தினார்கள். மாமன் மடி. பெரியவளானாள். மாமன் மாலை. எந்த விசேஷத்தின் ஆல்பத்தைப் புரட்டினாலும் நடுவில் நடராஜ் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். பெற்ற தகப்பன் ஒரு ஓரத்தில் குடை பிடித்த கையாக மட்டும் இருப்பார். அந்தக் கைக்குக் கீழே ஒரு உடம்பும் உண்டு, அந்த உடம்பில் ஒரு மனசும் உண்டு என்று எந்தப் போட்டோக்காரனுக்கும் தோன்றியதில்லை.

"அவன் சீரு எனக்கு வேண்டாம். பாட்ட நானே போடுதேன். டி.ஜே. நான்தான்!"

வேணி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு டி.வி. ரிமோட்டே சொன்னபடி கேக்காது."

"ரிமோட்டு கெட்டது. நான் கெடல."

"வேண்டாங்க. ஒங்களால முடியாது. முருகன்குறிச்சிப் பக்கம் பெர்லின்னு ஒரு பொண்ணு மாடியில ஸ்டுடியோ வெச்சு, மணிக்கணக்குல வாடகைக்கு விடுதாளாம், சொல்லியும் குடுக்காளாம். அங்கன எல்லாம் போய் அசிங்கப்பட்டுறாதிய."

முடியாது என்று வேணி சொன்ன எதையும் அவர் இதுவரை செய்யாமல் விட்டதில்லை. மொட்டைமாடித் தொட்டியைத் தானே கழுவியது அப்படித்தான். அதற்குள் மாட்டிக்கொண்டு தீயணைப்புக்காரர்கள் வந்ததும் அப்படித்தான். அன்று சாயங்காலமே, "நடக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு முருகன்குறிச்சிக்குக் கிளம்பினார்.

வேணி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "பைய நடங்க."

பெர்லின் நெல்லை முழுக்கக் கலியாணங்களுக்கு டி.ஜே. போடுகிறவள். கலியாணம் இல்லாத நாளில் பழகுகிறவர்களுக்கு அறையை வாடகைக்கு விடுவாள்.

"வாங்க அங்கிள்."

"யாருக்கு அங்கிள்? பட்டா இருக்கா ஓங்கிட்ட?" தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்குக் கோபம் வந்தால் பட்டா, சிட்டா எல்லாம் கூடவே வரும்.

"சரி சார். உள்ள வாங்க."

உள்ளே போனவர் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டை.

"ஏம்மா! சைவப் பிள்ளைய முட்டைக்கு நடுவுல நிறுத்திட்டியே!"

"வெறும் அட்டை சார். முட்டை கெடையாது. சத்தம் வெளிய போவாம இருக்க ஒட்டியிருக்கு."

"நான் பேசுனாலும் போவாதா?"

பெர்லின் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "சந்தேகந்தான் சார்."

மேசையில் இயந்திரம் இருந்தது. இரண்டு பக்கமும் தோசைக்கல் அளவில் ஒவ்வொரு வட்டத் தட்டு. நடுவில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள். பெர்லின் பொறுமையாகச் சொன்னாள். "இந்தப் பக்கம் ஒரு பாட்டு ஓடும். கூட்டம் அதத்தான் கேக்கும். அடுத்த பாட்ட நீங்க மட்டும் ஹெட்போன்ல கேட்டு, ரெண்டு தாளத்தையும் ஒண்ணாக்கி, குமிழப் பையத் தள்ளணும்."

"ஹெட்போன்ல நான் கேக்குறது கூட்டத்துக்குக் கேக்காதா?"

"நீங்களா வெளிய விட்டாத்தான் சார் கேக்கும். அதனால ஒரு காத மூடணும், ஒரு காதத் தொறந்து வெக்கணும்."

குமரகுருபரன் ஹெட்போனை மாட்டினார். தட்டைத் தொட்டார். இரண்டு பாட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஜங்ஷனில் இரண்டு மினிபஸ் ஒரே நிறுத்தத்துக்குள் நுழைந்தது மாதிரி ஆகிவிட்டது.

"ஏலே, நில்லுலே! நில்லுங்கேன்லா!"

"சார், அது பாட்டு."

"பாட்டுன்னா? சொன்னாக் கேக்காதா?"

கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. ஒன்று முந்தியது, இன்னொன்று பிந்தியது. அவர் தட்டைத் திட்டினார், குமிழைத் திட்டினார், முட்டை அட்டையைத் திட்டினார். கடைசியில், மதுமதி கைக்குழந்தையாக இருந்தபோது தான் பாடித் தூங்கவைத்த தாலாட்டைத் தன் குரலிலேயே பதிவு பண்ணிக் கொண்டுவந்தார். மேளச்சத்தம் ஓய்கிற இடத்தில் அது நுழைய வேண்டும். மகள் மேடையில் நின்று அதைக் கேட்டு அப்பாவைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மாமனை அல்ல, அப்பாவை. இவ்வளவு பாடும் அதற்குத்தான். அதை நினைக்கும்போது மட்டும் அவருக்குக் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஆள் துவண்டுபோயிருப்பார்.

"சமையக்காரர் இன்னைக்கு வாரேன்னாரே?"

"வந்தாக, போயாச்சு."

"மறுவீட்டு விருந்துல சொதிக்குப் பால் எடுக்கத் தேங்கா எத்தன, இஞ்சிப் பச்சடி எப்பிடின்னு நான் பேசணுமே!"

"பேசியாச்சு."

"நான் இல்லாமயா?"

"நீங்கதான் நடக்கப் போயிருந்தியளே."

சேலை எடுத்தது அப்படித்தான். மண்டபம் பேசியது அப்படித்தான். மாப்பிள்ளையின் அப்பா, முக்கூடல் சம்பந்தி பாபநாசம், தன் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுப் போனதும் அப்படித்தான். நிச்சயதார்த்தத்தன்று அதே பாபநாசம், "காப்பி கொஞ்சம் ஆறிப்போச்சு" என்று சொன்னதற்கு, "முக்கூடல்ல மட்டும் ஆத்துத் தண்ணி கொதிச்சுக்கிட்டா ஓடுது?" என்று கேட்டவர் இவர். அவர்கள் நிச்சயத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். மதுமதி அழுத அழுகையில்தான் அந்தக் கலியாணம் நிலைத்தது. இன்னொரு முறை இவர் வாயைத் திறந்தால் அது நிலைக்காது என்பது இவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி வகுப்பில் பெர்லின் ஒரு மாற்றம் சொன்னாள். "சார், மண்டபத்துல நீங்க ரெண்டு காதையும் மூடிக்கிடுங்க. அப்பதான் கவனம் செதறாது."

"மொதல்ல ஒரு காதத் தொறந்து வைன்னியே?"

"அது பழகுறவங்களுக்கு சார். நீங்க இப்போ தேறிட்டிய."

தேறிட்டிய! ஆபீஸில் ஒருத்தரும் அவரைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குமரகுருபரன் படியிறங்கும்போது மறந்துபோய் ஒரு ஆட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

கலியாணத்தன்று காலை கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் அட்சதை போட்டார்கள். அவர் தாளம் எண்ணிக்கொண்டிருந்தார். படபடப்பில் யாரோடும் சண்டைபோட நேரமில்லை.

சாயங்காலம் வரவேற்பு. மேடையின் ஓரத்தில் பட்டுத்துணி சுற்றிய மேசை, அதன் மேல் இயந்திரம். "ஏதும் கோளாறு வந்தாப் பாக்கத்தான் சார்" என்று சொல்லிவிட்டு பெர்லின் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். பட்டு வேட்டியும் ஹெட்போனுமாகக் குமரகுருபரன் ஏறி நின்றார். கீழே முதல் வரிசையில் நடராஜ். அவனைப் பார்த்துக்கொண்டே குமிழைத் தள்ளினார்.

கூட்டம் எழுந்தது. ஆடியது. சம்பந்தி பாபநாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். அவரோடு வந்த முக்கூடல்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். குமரகுருபரனுக்குப் பூரிப்பில் கண்ணே தெரியவில்லை. ஒரு பாட்டு இன்னொன்றின் மேல் முட்டியது அவருக்கே கேட்டது. ஆனால் ஆடுகிறவர்கள் யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. நல்ல ஜனங்கள்!

அந்த நேரமும் வந்தது. மேளத்தைப் பைய இறக்கினார். தாலாட்டை ஏற்றினார். அவருடைய குரலே அவர் காதில் கரகரவென்று பாடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

மதுமதி இரண்டு கையையும் மேலே தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையும் குதித்தார். நடராஜ் எல்லாரையும்விட உயரமாகக் குதித்தான்.

வந்ததே ஒரு கோபம்! தாலாட்டுக்கு எவனாவது குதிப்பானா? பெற்றவன் உருகி உருகிப் பாடுகிறான், இதுகள் என்னடாவென்றால் குத்தாட்டம் போடுகின்றன! நாலு வார்த்தை கேட்பதற்காக ஹெட்போனைப் பிடுங்கினார்.

மண்டபம் அதிர்ந்துகொண்டிருந்தது. குத்துப் பாட்டு. அவர் போடாத பாட்டு.

மேசையைச் சுற்றிய துணியை விலக்கிக் குனிந்தார். இயந்திரத்திலிருந்து இறங்கிய ஒயர் எந்த ஸ்பீக்கருக்கும் போகவில்லை. அழகாகச் சுருட்டி, வாழைநாரால் கட்டிப் போட்டிருந்தது. அந்த முடிச்சு அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாக அவர் வீட்டில் பூச்சரத்துக்கு விழுகிற முடிச்சு அது. திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இன்னொரு இயந்திரத்தின் முன்னால் பெர்லின், ஒரு காதை மூடி, ஒரு காதைத் திறந்து வைத்திருந்தாள்.

குமரகுருபரன் மேடையை விட்டுப் பாய்ந்து இறங்கினார். பாதி வழியில் நடராஜ் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அத்தான்! பின்னிட்டிய! நான் தோத்துட்டேன் அத்தான்!" அவன் கையிலிருந்து உருவிக்கொண்டால் சம்பந்தி. "இப்பிடி ஒரு ஆளத் தெரியாம அன்னைக்கு எந்திரிச்சுட்டனே சம்பந்தி! காப்பி ஆறுனா என்ன வே!" அவர் பின்னால் முக்கூடலே வரிசையில் நின்று கை குலுக்கியது. போட்டோக்காரன் அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தான்.

உண்மையைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார். சொன்னால் தோற்பது யார்? மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் கோபம் பாதித் தொண்டையோடு திரும்பிப் போனது அன்றுதான்.

வேணி பந்தி நடக்கும் இடத்தில் வெற்றிலைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா! நீ கட்டுன முடிச்சா அது?"

"ஆமா."

"எதுக்கு?"

"ஒங்க வாயக் கட்ட முடியல. ஒயரத்தான் கட்ட முடிஞ்சுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கும் கோபம் இருந்தது, பல நாள் கோபம். "நிச்சயத்தன்னைக்கு ஏம் பிள்ள அழுதது போதும். நீங்க நடக்கப் போன நேரத்துலதான் இந்தக் கலியாணத்தயே நடத்தி முடிச்சேன். இந்தா, ரெண்டு மணி நேரம் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாம நின்னிய. அதுதான் எனக்குச் சீரு."

"அப்போ நடராஜ் சொன்னது?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"அந்த பெர்லின்?"

"அவன் ஏற்பாடுதான். மாமன் சீரு."

மறுபடியும் மாமன்! குமரகுருபரன் அங்கன கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தாலாட்ட மட்டுமாவது மதுமதி கேட்டிருக்கலாம்ளா" என்றார். கத்தவில்லை. அவர் அப்படிச் சன்னமாகப் பேசி வேணி கேட்டதில்லை.

அவள் கை நின்றது. "நாளைக்கு மறுவீட்டுச் சொதி. பந்தி முடியிறவரைக்கும் ஒரு சத்தமும் போடாம இருங்க. ஒயர மாட்டித் தாரேன்."

"சத்தியமா?"

"ஏம் பிள்ள மேல."

மறுநாள் அதே மண்டபத்தில் நடந்த பந்தியில் குமரகுருபரன் பட்ட பாடு யாரும் படக்கூடாது. சொதியில் தேங்காய்ப்பால் கொஞ்சம் தண்ணியோ என்றார் சம்பந்தி. குமரகுருபரன் சிரித்தார். இஞ்சிப் பச்சடிக்கு இனிப்புக் காணாது என்றார் சம்பந்தியின் அக்காள். அதற்கும் சிரித்தார். தண்ணீர் ஊற்றியவன் அவர் வேட்டியில் ஊற்றினான். "பரவால்லப்பா" என்றார். அப்படி ஒரு வார்த்தை தன் வாயில் இருந்தது அவருக்கே தெரியாது. முக்கூடல்காரர்கள் மூன்று தடவை சொதி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கடைசி இலையும் எடுத்தாயிற்று. ஓடிப்போய் மேசைக்கடியில் குனிந்தார். வாழைநார் இல்லை. ஒயர் ஸ்பீக்கரில் மாட்டியிருந்தது. வேணி வாக்குத் தவறவில்லை.

ஒரு காதை மூடினார், ஒரு காதைத் திறந்து வைத்தார். குமிழைப் பையத் தள்ளினார். மண்டபம் முழுக்க அவருடைய தாலாட்டு நிறைந்தது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

தேங்காய்ப்பால் தன் வேலையைக் காட்டியிருந்தது. சம்பந்தி ஜமுக்காளத்தில் மல்லாந்து கிடந்தார். நடராஜ் நாற்காலியிலேயே வாயைத் திறந்து குறட்டை விட்டான். மாமியார் தோளில் சாய்ந்து மதுமதி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் விழித்திருந்த ஒரே ஆள் வேணிதான்.

அவள் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க. பிள்ள முழிச்சிரப் போறா."